இசை மாதரசி மேரி லூ வில்லியம்ஸ்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

முன்னுரை

ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது முதல் விளக்கின் ஒளி குறைந்துவிடுவதில்லை. பொன்னையும் பொருளையும் பங்கிட்டால் நம் கையிருப்புக் குறையும். கலையைப் பங்கிட்டாலோ அது வளரும். நல்ல பாடலொன்றைக் கேட்டுவிட்டால், மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் அதை நான்கு தோழியரிடம் சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை அல்லவா? உலகெங்கும் இசைப் பிரியர்கள் அப்படித்தான். தாம் விரும்பும் இசைத்தட்டைப் பிறருக்குப் போட்டுக் காட்டுவதிலும், தாம் போற்றும் கலைஞரின் பெயரைப் பலருக்கும் எடுத்துச் சொல்வதிலும் அவர்களுக்குத் தனி இன்பம் உண்டு.

இந்த எளிய இன்பத்தையே தம் வாழ்நாள் தொண்டாக ஆக்கிக்கொண்ட பெண்மணி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். ஜாஸ் இசையில் சிறந்த பியானோக் கலைஞர் அவர். நூற்றுக்கணக்கான இசையமைப்புகளைத் தந்தவர். நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவியருக்கு ஆசிரியையாகவும் இருந்தவர். அவரே மேரி லூ வில்லியம்ஸ் அம்மையார். அவருடைய வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஜாஸ் என்பது யாது?

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் தம் துயரத்தையும் நம்பிக்கையையும் பாடல்களில் பாடி வைத்தனர். வயல்களில் பாடிய வேலைப் பாட்டும், கோயிலில் பாடிய பக்திப் பாட்டும், ‘புளூஸ்’ எனப்படும் ஏக்கப் பாட்டும் அவர்களிடம் இருந்தன. இவை ஐரோப்பிய வாத்தியங்களோடு கலந்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் என்னும் புதிய இசையாக உருவெடுத்தன.

எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதோடு ஜாஸ் நின்றுவிடுவதில்லை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் கணத்தில் உள்ளத்தில் தோன்றுவதைச் சேர்த்து வாசிப்பதே அதன் உயிர். நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்பார்களே, ஏறக்குறைய அதைப் போன்றது. ஆகவே ஜாஸ் கலைஞர்கள் புத்தகத்தைக் காட்டிலும் காதையே நம்பினர். மூத்தவர் வாசிப்பதை இளையவர் கேட்டார். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு தம் வழியில் வாசித்தார். பகிர்தல் இல்லையேல் ஜாஸ் இல்லை எனலாம்.

பிறப்பும் இளமையும்

மேரி, 1910-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் பிறந்தார். இயற்பெயர் மேரி எல்ஃப்ரீடா ஸ்க்ரக்ஸ். தாயார் வர்ஜீனியா, காலால் மிதித்துக் காற்றூட்டி வாசிக்கும் ஆர்கன் வாசிப்பவர். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு அவர் வாசிப்பது வழக்கம். ஒரு நாள் தாய் வாசித்து முடித்ததும், மூன்று வயதளவே இருந்த குழந்தையின் பிஞ்சு விரல்கள் அதே மெட்டைத் திரும்ப வாசித்தன. தாயார் திடுக்கிட்டு எழுந்தோடி அண்டை வீட்டாரை அழைத்து வந்தாராம்!

ஆயினும் அத்தாய் மகளுக்கு இசை ஆசிரியர் எவரையும் அமர்த்தவில்லை. ஏட்டைப் பார்த்து வாசிக்கப் பழகினால், காதால் கேட்டுத் தானாக வாசிக்கும் வரம் போய்விடும் என்று அஞ்சினார். அதற்குப் பதிலாக, இசை தெரிந்தவர்களை வீட்டுக்கு அழைத்து மகளுக்கு வாசித்துக் காட்டச் செய்தார். எனவே மேரிக்கு ஓர் ஆசிரியர் என்று எவருமில்லை. கேட்ட அனைவருமே ஆசிரியர். பிற்காலத்தில் அவர் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பலரிடமிருந்து பெற்றதைத் தமக்கே உரியது என்று அவரால் எப்படிப் பூட்டி வைக்க முடியும்?

மேரிக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது குடும்பம் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. கறுப்பின மக்கள் பலவாறு இழிவுபடுத்தப்பட்ட காலம் அது. அக்குடும்பம் வசித்த வீட்டின்மீது அயலார் சிலர் செங்கற்களை வீசினர். ஆனால் அந்த வீட்டிலிருந்து வந்த இசை மெல்ல மெல்ல அவர்கள் காதுகளில் விழுந்தது. கல் வீசிய தெருவிலேயே சிறுமியைத் தம் வீடுகளுக்கு வரவழைத்துப் பியானோ வாசிக்கச் சொல்லி மகிழும் காலமும் வந்தது. ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியின் பியானோச் சிறுமி என்றே அவரை ஊரார் அழைத்தனர்.

மாற்றாந்தந்தை ஃப்ளெட்சர் பர்லி இசையில் ஈடுபாடு மிக்கவர். துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் தானே வாசிக்கும் பியானோ ஒன்றை அவர் வாங்கி வந்தார். ஜேம்ஸ் பி. ஜான்சன் போன்ற பெருங்கலைஞர்களின் வாசிப்பு அந்தச் சுருள்களில் பதிவாகியிருந்தது. பியானோவின் கட்டைகள் தாமே அமுங்குவதைப் பார்த்து, அவற்றின்மேல் தன் விரல்களை வைத்து மேரி பழகினாள். நேரில் கண்டிராத கலைஞர்களும் இவ்வாறு அவளுக்கு ஆசான்களாயினர்.

மற்றொரு நாள் நாடகக் கொட்டகையில் அவள் கண்ட காட்சி வாழ்நாள் முழுவதும் அவள் மனத்தை விட்டு நீங்கவில்லை. லவி ஆஸ்டின் என்னும் பெண்மணி ஆண்கள் நிறைந்த வாத்தியக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். இடக்கையால் பியானோ வாசித்தபடியே, வலக்கையால் அடுத்த காட்சிக்குரிய இசையைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்! நானும் ஒரு நாள் இவ்வாறு செய்வேன் என்று சிறுமி உறுதி பூண்டாள். ஒரு பெண்ணின் திறமையைக் கண்ட கண்கள் மற்றொரு பெண்ணை உருவாக்கிவிட்டன.

கான்சாஸ் நகரில்

நம் வயதிலேயே மேரி ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தும் கலைக்குழுவொன்றில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அக்குழுவில் இருந்த சாக்ஸபோன் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் என்பவரைப் பின்னர் மணந்தார். 1929-இல் ஜான், ஆண்டி கர்க் என்பார் தலைமையேற்ற வாத்தியக் குழுவில் சேர்ந்தார். மேரிக்கு அங்கே இடமில்லை. பியானோ வாசிக்க ஏற்கெனவே ஓர் ஆண் கலைஞர் இருந்தார். கணவருடன் சென்ற மேரி சில காலம் சவ வண்டி ஓட்டிப் பொருள் ஈட்டினார் என்று அறியும்போது நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன.

அவ்வாண்டின் இறுதியில் கான்சாஸ் நகரில் இசைத்தட்டுப் பதிவுக்கு ஏற்பாடாகியிருந்தது. உரிய நேரத்தில் பியானோக் கலைஞர் வந்து சேரவில்லை. வேறு வழியின்றி மேரியை அழைத்து வந்தனர். அழைத்தவர்கள் அவர் வாசிப்பைக் கேட்டபின் விட மனமின்றி நின்றனர். 1930-இல் சிகாகோ நகரில் தனியாக இரண்டு இசைத்துண்டுகளை அவர் பதிவு செய்தார். மேரி என்ற பெயரோடு ‘லூ’ சேர்ந்ததும் அப்போதுதான். தட்டுகள் விற்றன, ஆனால் அவருக்குச் சேரவேண்டிய பங்கு சேரவில்லை. இருபது வயதுகூட நிறையாத கறுப்பினப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்ல அந்நாளில் எவரும் முன்வரவில்லை.

மேரியின் உள்ளத்தில் இசை ஊற்றெடுத்தது. ஆனால் அதை எழுத அவருக்குத் தெரியாது. முதலில் அவர் வாசிக்க வாசிக்க ஆண்டி கர்க் எழுதிக்கொண்டார். பிறகு மேரி தாமே எழுதக் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் அக்குழுவின் இசையில் பெரும்பகுதி அவர் பேனாவிலிருந்தே பிறந்தது. புகழ்பெற்ற பென்னி குட்மன் போன்ற பிற குழுத்தலைவர்களும் அவரிடம் இசை எழுதி வாங்கினர். இடக்கையால் வாசித்து வலக்கையால் எழுதிய லவி ஆஸ்டினைக் கண்ட சிறுமியின் உறுதி நிறைவேறியது!

அந்நாளில் கான்சாஸ் நகரில் இரவு முழுவதும் கலைஞர்கள் ஒன்றுகூடி வாசிப்பார்கள். ஒருமுறை சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் அந்நகருக்கு வந்தார். உள்ளூர்க் கலைஞர்கள் அவரோடு போட்டியிட்டு வாசிக்க, பொழுது விடியும் வேளையாயிற்று; பியானோ வாசித்தவர்கள் அனைவரும் களைத்துப்போயினர். பென் வெப்ஸ்டர் என்பார் ஓடிவந்து மேரியின் சன்னல் கம்பிவலையைத் தட்டி, உடனே வந்து வாசிக்குமாறு அழைத்தார். உறங்கிக்கொண்டிருந்த மேரியும் எழுந்து சென்றார். அந்த நேரத்தில் இசைக்காக எழுப்பத் தகுந்தவர் என்று ஆண் கலைஞர்கள் ஒரு பெண்ணைக் கருதினார்கள் என்றால், அவர் பெற்றிருந்த மதிப்பை நாம் உணரலாம்.

திறந்த வீடு

1942-இல் மேரி அக்குழுவை விட்டு விலகினார். பின்னர் நியூயார்க் சென்று, ‘கஃபே சொசைட்டி’ என்னும் அரங்கில் வாசித்தார். கறுப்பரும் வெள்ளையரும் பேதமின்றி ஒரே கூடத்தில் அமர்ந்து இசை கேட்டதால் பெயர்பெற்ற இடம் அது.

ஹார்லம் பகுதியில் ஹாமில்டன் டெரஸ் என்னும் தெருவில் அவர் குடியிருந்தார். சிறிய வீடு, ஒரு பியானோ, இசைத்தட்டுப் பெட்டி. இரவு வேலை முடிந்த இளங்கலைஞர்கள் அங்கே வந்து குழுமினர். டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க், பட் பவல், டாட் டேமரன் ஆகியோர் அவர்களுள் சிலர். தாம் புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். மேரி கேட்பார், திருத்தம் சொல்வார், தாம் எழுதியதையும் வாசிப்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து இசைத்தட்டுக் கேட்பார்கள். பசித்தவர்க்கு உணவும் உண்டு.

இவ்விளைஞர்கள் படைத்த ‘பீபாப்’ என்னும் புதுவகை இசையைப் பல மூத்த கலைஞர்கள் வெறும் சத்தம் என்று இகழ்ந்தனர். மேரியோ அதைக் காது கொடுத்துக் கேட்டார்; தம் இசையிலும் சேர்த்துக்கொண்டார். வெளியுலகம் அறியாத ஹெர்பி நிக்கல்ஸ் என்னும் கலைஞரின் படைப்புகளை 1951-இல் தாமே இசைத்தட்டில் வாசித்து அவருக்கு அறிமுகம் தந்தார். தமக்குப் போட்டியாக வரக்கூடியவர்களைத் தாமே கைதூக்கி விடும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1945-இல் வானொலியில் வாரந்தோறும் அவருக்கு நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அப்போது பன்னிரண்டு ராசிகளின் பெயரால் பன்னிரண்டு இசைத்துண்டுகளை ஒவ்வொன்றாக எழுதி வாசித்தார். தம் நண்பர்களாகிய கலைஞர்களையும் பிறரையும் நினைத்து அவற்றை அமைத்தார். ‘ஸோடியாக் சூட்’ என்ற பெயருடைய அத்தொகுப்பு, அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நியூயார்க் டவுன் ஹாலில் வாத்திய இசைக்குழுவுடன் அரங்கேறியது. ஜாஸ் என்றால் நடனக்கூடத்து இசைதானே என்று எண்ணியிருந்தோர் வியந்தனர்.

இருளும் ஒளியும்

ஏற்றம் கண்ட வாழ்வில் இருளும் சூழ்ந்தது. 1952-இல் இங்கிலாந்து சென்ற மேரி, அங்கும் பிரான்சிலும் ஏறத்தாழ ஈராண்டுகள் கழித்தார். பணமும் பரபரப்பும் நிறைந்த இரவு விடுதி வாழ்க்கை அவருக்குக் கசந்தது. உடன் வாசித்த நண்பர்கள் பலர் போதைப் பழக்கத்தாலும் நோயாலும் அழிந்துகொண்டிருந்தனர். கொடுத்துக் கொடுத்து வளர்த்த இசை யாரைக் காப்பாற்றியது என்ற கேள்வி அவரை வாட்டியிருக்க வேண்டும். 1954-இல் பாரிஸ் நகரில், நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பியானோவை விட்டு எழுந்து சென்றார். பல்லாயிரம் பேர் கேட்டு மகிழ்ந்த விரல்கள் மூன்றாண்டுக் காலம் மேடையேறவில்லை.

நியூயார்க் திரும்பிய மேரி, லூர்து அன்னை ஆலயத்தில் நாள்தோறும் பல மணி நேரம் முழந்தாளில் இருந்து செபித்தார். துன்புறும் நண்பர்களின் பெயர்களையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் வேண்டினார். நோயுற்ற கலைஞர்களைத் தம் வீட்டில் தங்க வைத்துப் பேணினார். 1957-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், டிஸ்ஸி கில்லெஸ்பியின் மனைவி லொரேனுடன் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். இயேசு சபைக் குருவானவர் ஆன்டனி வுட்ஸ் அவருக்கு வழிகாட்டினார்.

பியானோவை முற்றிலும் துறந்து செபத்திலேயே நாளைக் கழிக்க அவர் விரும்பினார். ஆனால் குருவானவர்கள் அதற்கு இசையவில்லை. இறைவன் தந்த திறமையைப் பிறருக்காகப் பயன்படுத்துவதும் செபமே என்று எடுத்துரைத்தனர். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அவன் தாலந்தைத் தொலைக்கவில்லை, வீணடிக்கவுமில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தான். ஆயினும் அதுவே குற்றமாயிற்று! இதை உணர்ந்த மேரி, அவ்வாண்டு ஜூலை மாதம் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு மீண்டும் மேடையேறினார்.

ஈட்டிய பொருளைத் தமக்கென வைத்துக்கொண்டாரா? இல்லை. போதைப் பழக்கத்தால் நலிந்த கலைஞர்களுக்கு உதவ ‘பெல் கான்டோ’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். நன்கொடையாக வந்த உடைகளையும் பொருள்களையும் விற்கும் பழம்பொருள் கடை ஒன்றையும் நடத்தினார். அப்பெரும் பணிக்கு அந்த வருவாய் போதவில்லை. எனினும் உதவி கேட்டு வந்தவர்க்குத் தம்மால் இயன்றதைக் கொடுத்து வந்தார்.

பள்ளியும் பேராலயமும்

1962-ஆம் ஆண்டு மே மாதம், பெரு நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் தெ போரஸ் என்னும் கறுப்பின அருட்சகோதரர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்தவர் அவர். அப்புனிதரைப் போற்றி மேரி ஒரு பாடலிசை அமைத்தார். வரிகளை ஆன்டனி வுட்ஸ் அடிகளார் எழுதினார். அது அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் பாடப்பெற்றது. இரவு விடுதியில் வளர்ந்த இசை ஆலயத்தில் ஒலிப்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஜாஸ் பிறந்ததே துன்புற்ற மக்களின் செபத்திலிருந்துதான் என்பது மேரியின் உறுதியான எண்ணம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த மக்களின் மொழியிலும் இசையிலும் வழிபாடு நடைபெற வழி திறந்தது. நம் நாட்டுக் கோயில்களில் இலத்தீன் பூசை தமிழ்ப் பூசையாக மாறியதும் அச்சங்கத்தின் பயனே. அதே வாசல் வழியாகத்தான் மேரியின் ஜாஸ் இசையும் திருப்பலிக்குள் நுழைந்தது.

1960-களின் பிற்பகுதியில் அவர் பிட்ஸ்பர்க் நகரின் சீட்டன் உயர்நிலைப் பள்ளியில் மாணவியருக்கு இசை கற்பித்தார். அது கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி. உலகப் புகழ் பெற்ற கலைஞர் கரும்பலகையின் முன் நின்று, நம் வயதுடைய பெண்களுக்குப் பாடம் நடத்தினார் என்பதை எண்ணும்போதே நம் உள்ளம் பூரிக்கிறது. அக்காலத்தில் அவர் எழுதிய முதல் திருப்பலி இசையை அம்மாணவியர் கற்றுப் பாடினர். அது 1967-இல் பிட்ஸ்பர்க் புனித பவுல் பேராலயத்தில் ஒலித்தது. ஒருகாலத்தில் செங்கல் வீசி வரவேற்ற அதே நகரம்!

பின்னும் இரண்டு திருப்பலி இசைகளை அவர் எழுதினார். மூன்றாவதை ஆல்வின் எய்லி என்னும் புகழ்மிக்க நடனக் கலைஞர் 1971-இல் நடனமாக அமைத்தார்; அதுவே ‘மேரி லூவின் திருப்பலி’ எனப் பெயர் பெற்றது. 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவ்விசையுடன் திருப்பலி நிறைவேறியது. பேராலயம் நிறையும்படி மக்கள் திரண்டு வந்தனர். பாடகர் குழுவில் பிள்ளைகளும் இருந்தனர்.

இறுதி நாட்கள்

இளைஞர்கள் ஜாஸ் இசையின் வேர்களை மறந்துவருகிறார்கள் என்ற கவலை அம்மையாரை விடவில்லை. ஆகவே ஜாஸ் வரலாற்றை ஒரு மரமாக வரைவித்து, அதைக் காட்டி விளக்கினார். துன்பம் அதன் வேர். கோயிற் பாடலும் புளூஸும் அடிமரம். பின்வந்த வகைகள் கிளைகள். தாமே பேசியும் வாசித்தும் அவ்வரலாற்றை இசைத்தட்டாகவும் பதிவு செய்தார்.

எப்போதும் இம்முயற்சி கைகூடியது என்று சொல்வதற்கில்லை. 1977 ஏப்ரலில் கார்னெகி ஹாலில், புதுமைப் போக்குடைய சிசில் டெய்லருடன் அவர் இரு பியானோக்களில் சேர்ந்து வாசித்தார். பழமையும் புதுமையும் கைகோக்கும் என்பது அவர் கனவு. ஆனால் மேடையில் இரு இசைகளும் இணைவதற்கு மாறாக மோதிக்கொண்டன. பெரிதும் வருந்திய போதிலும் அவர் சோர்ந்துவிடவில்லை. அவ்வாண்டே வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் வகுப்பில் சேர மாணவர்கள் போட்டியிட்டனர். அடுத்த ஆண்டு வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கார்ட்டர் நடத்திய ஜாஸ் விழாவிலும் வாசித்தார்.

புற்றுநோய் அவரைப் பற்றியது. நோயிலும் அவர் நினைவு பிள்ளைகளைப் பற்றியே இருந்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் தேர்ந்த கலைஞர்களிடம் ஜாஸ் கற்க உதவும் பொருட்டு 1980-இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1981-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், தமது 71-ஆம் வயதில், டர்ஹம் நகரில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் பிட்ஸ்பர்க் நகரின் கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கேட்க வேண்டியவை

ஓர் இசைக்கலைஞரின் வரலாற்றைப் படித்தால் மட்டும் போதுமா? கேட்க வேண்டாமா? ஆகவே அம்மையாரின் வழியில், சில பதிவுகளைத் தோழியருக்குப் பரிந்துரைக்கிறோம்.

முதலில் 1930-ஆம் ஆண்டுப் பதிவாகிய ‘நைட் லைஃப்’. மூன்று நிமிட அளவே ஓடும். வலக்கை ஓடி விளையாட, இடக்கை ஊஞ்சலைப் போல் முன்னும் பின்னும் தாவித் தாளம் காப்பதைக் கவனியுங்கள். ஒருவரே வாசிக்கிறார் என்று நம்புவது கடினம்.

அடுத்து 1936-இல் ஆண்டி கர்க் குழு வாசித்த ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’. வாத்தியங்கள் ஒன்றோடொன்று உரையாடும் அழகு இதில் உண்டு. இதில் வரும் ஒரு சிறு இசைத்தொடர் பல ஆண்டுகள் கழித்துத் தெலோனியஸ் மங்க்கின் ‘ரிதம்-அ-நிங்’ என்ற புகழ்மிக்க படைப்பில் மீண்டும் ஒலிப்பதை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அறியலாம். ஒரு விளக்கு மற்றொரு விளக்கை ஏற்றியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது 1945-ஆம் ஆண்டு ‘ஸோடியாக் சூட்’. அவரவர் தம் ராசிக்குரிய பகுதியை முதலில் கேட்டுப் பாருங்கள். பிறகு மற்றவற்றையும் கேட்காமல் இருக்கமாட்டீர்கள்.

நான்காவது 1964-இல் வெளிவந்த ‘பிளாக் கிரைஸ்ட் ஆஃப் தி ஆண்டீஸ்’. இதிலுள்ள புனித மார்ட்டின் பாடலில் பெரும்பகுதி வாத்தியமின்றி மனிதக் குரல்களே ஒலிக்கும். நடுவே பியானோ நுழையும் இடத்தில் உடல் சிலிர்க்கிறது. நம் பாடகர் குழுவினர் அவசியம் கேட்க வேண்டியது இது.

இறுதியாக, 1978-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மோன்த்ரோ விழாவில் அவர் தனியாக வாசித்த பதிவு. பக்திப் பாடலில் தொடங்கி, தாம் கடந்து வந்த காலங்களையெல்லாம் ஒரே அமர்வில் நம் முன் வைக்கிறார். அறுபத்தெட்டு வயது விரல்கள் என்று எவர் சொல்வார்?

முடிவுரை

தோழியரே! மேரி லூ அம்மையாரிடம் ஆசிரியர் இல்லை, செல்வம் இல்லை, பெண் என்பதால் இடமும் இல்லை, நிறத்தால் மதிப்பும் இல்லை. இருந்தது ஒரு நல்ல காது மட்டுமே. அந்தக் காதால் பெற்றதையெல்லாம் அவர் கைகளால் திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததற்கு உரிய பணம் சில வேளை வரவில்லை. உரிய பெயரும் சில வேளை வரவில்லை. மனம் உடைந்து மூன்றாண்டுகள் நிறுத்தியும் பார்த்தார். நிறுத்தியதில் அமைதி இல்லை, கொடுப்பதிலேதான் இருக்கிறது என்று கண்டபின் சாகும்வரை நிறுத்தவில்லை.

பள்ளி வாழ்வை முடித்துப் பிரியப்போகும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நன்றாகப் பாடத் தெரிந்தவள் அதைத் தனக்கே வைத்துக்கொள்ளாமல் கீழ்வகுப்புத் தங்கைக்குச் சொல்லித் தரலாம். கணக்கில் வல்லவள் அருகில் இருப்பவளுக்கு விளக்கலாம். நல்ல புத்தகமோ நல்ல இசையோ கிடைத்தால், பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கைமாற்றிக் கொடுக்கலாம். நம்மை மிஞ்சிவிடுவாள் என்ற அச்சம் வேண்டாம். மிஞ்சட்டுமே! மங்க்கும் பவலும் புகழின் உச்சிக்குச் சென்றதால் மேரி லூவின் பெயர் மறைந்துவிடவில்லை; அவர்களைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் அவர் பெயரும் சேர்ந்தே ஒலிக்கிறது.

வாழ்க மேரி லூ அம்மையாரின் புகழ்! வளர்க அவர் ஏற்றி வைத்த இசை விளக்கு!